டிரையர் சுற்றுகிறது, சூடு இல்லை: கெட்டதை மட்டும் மாற்றுவதா, முழு செட்டையுமா?

ஒரு முழு சுற்று ஓடி நின்ற டிரையரைத் திறந்தால், துணி போட்டபடியே ஈரமாகச் சில்லென்று கிடந்தது. டிரம் சுற்றியது, உள்ளே ஃபேனும் ஓடியது. சூடு மட்டும் இல்லை. மின்சார டிரையரில் இப்படி ஆகும்போது மூன்று வழிகள் உண்டு. எது கெட்டது என்று அளந்து பார்த்து அதை மட்டும் மாற்றலாம். ஹீட்டர் காயில், தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட்டுகள் (சூட்டுக்கு ஏற்ப மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாகங்கள்) எல்லாம் சேர்ந்து வரும் செட்டை வாங்கி மொத்தமாக மாற்றலாம். அல்லது மெஷினையே மாற்றலாம். நான் முதல் வழியில் போனேன். ஒரு தடவை தவறாக, அடுத்த தடவை சரியாக.

எதையும் வாங்கும் முன், சூடில்லாத காற்று மட்டும் வரும் செட்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கரையும் பாருங்கள். 240 வோல்ட் இரண்டு லைனாகப் பிரிந்து வரும் இணைப்பில் ஒரு லைன் போனாலும் மோட்டார் மற்றதில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஹீட்டர் மட்டும் படுத்துவிடும்.

புது மெஷின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாரும் டிரம் ரோலரும் சத்தமில்லாமல் ஓடும்போது, சூடு வரவில்லை என்பதற்காக அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது.

முழு செட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மெஷினை ஒரே தடவை பிரித்தால் போதும், மல்டிமீட்டர் (ஓம், வோல்ட் அளக்கும் கருவி) தேவையில்லை, ஒன்றாக வயதான பாகங்கள் ஒன்றாகவே போகின்றன. சில மாடல்களில் ஹீட்டர் பெட்டியில் இருக்கும் கட்-ஆஃபையும் (அதுவும் ஒரு தெர்மல் ஃபியூஸ்தான்), சூடு அளவு மீறினால் துண்டிக்கும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டையும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். அங்கே ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது போனது என்பதே தெரியாமல் போகிறது. எது போனது என்று தெரிந்தால்தான் ஏன் போனது என்று தேட முடியும்.

காயில் அறுந்திருந்தால் பெரும்பாலும் வயதுதான் காரணம். பல வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கம்பி ஒரு இடத்தில் விட்டுப்போகும். தெர்மல் ஃபியூஸ் அப்படியல்ல. உள்ளே சூடு அளவு மீறினால் மெஷின் தீப்பிடிக்காமல் காக்க ஒரே ஒரு தடவை அறுந்துகொள்வதற்காகவே வைத்த பாகம் அது. மறுபடி ஒட்டாது. அது அறுந்திருந்தால் வேறெங்கோ கோளாறு இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பாகத்திலிருந்து ஒரு வயரையாவது கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றி வரும் அளவு ஏமாற்றிவிடும். நல்ல ஃபியூஸ் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டும், அறுந்தது எதுவுமே காட்டாது. 240 வோல்ட்டில் 5,400 வாட் இழுக்கும் காயில் என்றால் 11 ஓம் அளவில் இருக்கும். காயில் முனைக்கும் அதைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் இடையிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். அங்கே அளவு வந்தால் கம்பி தொய்ந்து தகரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். அப்போது தெர்மோஸ்டாட் துண்டித்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகலாம்.

எனக்கு அறுந்திருந்தது தெர்மல் ஃபியூஸ். சின்ன பாகம், பத்து நிமிட வேலை. மாற்றினேன், சூடு வந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். மூன்றே வாரத்தில் மறுபடி அறுந்தது. அதன் பிறகுதான் மெஷினை முன்னால் இழுத்துப் பார்த்தேன். வெளிக்காற்றுக் குழாய் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கி, மடிப்பு முழுக்கப் பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. முழு செட்டை மாற்றியிருந்தாலும் அந்தப் புது ஃபியூஸும் இதே கதிக்குத்தான் போயிருக்கும்.

அதனால் ஃபியூஸ் அறுந்திருந்தால் புதியதைப் போடுவதோடு காற்றுப் பாதை முழுவதையும் பாருங்கள். தூசி வலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கினால், துணியை மென்மையாக்கப் போடும் தாளின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வலைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். வெளிச்சுவர் மூடி மெஷின் ஓடும்போது நன்றாகத் திறந்து, கையில் காற்று வேகமாகப் பட வேண்டும். நெளிநெளியான ஃபாயில் குழாய் இருந்தால் உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயாக மாற்றி, வளைவுகளைக் குறையுங்கள். இதையெல்லாம் செய்த பிறகு என் மெஷினில் ஃபியூஸ் போகவே இல்லை. துணியும் முன்பைவிடச் சீக்கிரம் காய்கிறது. ஃபியூஸை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்து ஓட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். தீக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் கடைசிக் காவல் அதுதான்.

காயில் மூன்று இடத்தில் தொய்ந்து, தெர்மோஸ்டாட் முனைகளும் கருகியிருந்தால் நானும் செட்தான் வாங்குவேன். இன்னொன்று, நான் பிரித்தது தெர்மோஸ்டாட் வகை மெஷின் மட்டும். தெர்மிஸ்டரும் (சூட்டை அளக்கும் சென்சார்) எலக்ட்ரானிக் போர்டும் வைத்த புது மெஷின்களில் நான் கை வைத்ததில்லை. அங்கே காயிலும் ஃபியூஸும் சரியாக அளந்தும் சூடு வரவில்லை என்றால், போர்டை ஊகத்தில் வாங்காமல் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்.