மீண்டும் அதே ஜனாதிபதி: அமெரிக்கா 2012, இந்தியா 1957

ராயபுரம் டீக்கடையில் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். நம் ஜனாதிபதித் தேர்தல் எப்போது வந்து போனது என்று கேட்டால் பதில் வராது. காரணம் இருக்கிறது.

2012-ல் ஒபாமா பதவியில் இருந்தபடியே எதிர்க்கட்சி வேட்பாளர் ராம்னியைச் சந்தித்தார். மக்கள் ஓட்டுப் போட்டாலும் கணக்கு மாநிலவாரிதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ‘தேர்வாளர் வாக்குகள்’ என்று உண்டு; பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே அவை மொத்தமும் போகும். மொத்தம் 538, 270 வந்தால் வெற்றி. ஒபாமாவுக்கு 332, ராம்னிக்கு 206. மக்கள் வாக்கில் வித்தியாசம் சுமார் 4 சதவீதமே! ஒஹையோ, புளோரிடா போன்ற சில மாநிலங்களில்தான் இழுபறி. மற்ற பல இடங்களில் முடிவு முன்பே தெரிந்த கதை.

1957-ல் ராஜேந்திர பிரசாத் மறுபடி நின்றபோது அந்த இழுபறியும் இல்லை. அவருக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 4,59,698, எதிர்த்த இருவருக்கும் சேர்த்து ஐயாயிரம்கூட இல்லை. இங்கே எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்காளர்கள்; ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. இப்போதைய கணக்கில், 1971 மக்கள்தொகையை வைத்து, ராயபுரம் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176. பெரம்பூருக்கும் அதேதான்.

சுவாரசியம் அமெரிக்காவில்தான், சரி. ஆனால் நிஜ அதிகாரம் பிரதமரிடம் இருக்கும் நாட்டில் ஜனாதிபதிக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்வது வீண் செலவு. நம் முறையே போதும் என்பேன். ஒன்றில் மட்டும் அவர்கள் தெளிவு: இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்று 1951-லேயே சட்டத்திருத்தம் செய்துவிட்டார்கள். இங்கே அப்படித் தடை இல்லை. இருந்தும் பிரசாத்துக்குப் பிறகு யாரும் இரண்டாம் முறை வரவில்லை.