விண்வெளிக்குச் சட்டமா, கொள்கையா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு குழு 10 செ.மீ. கனசதுரச் செயற்கைக்கோளைச் செய்து முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுமதியை யாரிடம் கேட்பது?

மலேசியாவில் விடை சட்டத்திலேயே உண்டு: 2022ஆம் ஆண்டு மலேசிய விண்வெளி வாரியச் சட்டம், எண் 834. உரிமம், பதிவு, மீறினால் தண்டனை எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2023 விண்வெளிக் கொள்கையும், அனுமதி தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் 2024 நெறிமுறைகளும்தான்.

கொள்கையின் பலம் வேகம். அந்நிய முதலீட்டு விதியை 2024இல் புதிய மசோதா இல்லாமலே தளர்த்தினார்கள்: அரசு முன் அனுமதியின்றியே செயற்கைக்கோளுக்கு 74% வரை, ஏவுகலனுக்கு 49% வரை முதலீடு வரலாம். சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தவே மசோதா வேண்டும்.

ஆனால் விண்ணிலிருந்து உடைந்த துண்டு யார் வீட்டுக் கூரையிலாவது விழட்டும், அப்போது தெரியும் வித்தியாசம். 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி, தரையில் நேரும் சேதத்துக்கு ஏவிய நாடு தவறே செய்யாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணத்தை நிறுவனத்திடம் திரும்ப வசூலிக்கக் கொள்கை மட்டும் போதாது. உரிம ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அனுமதியே வாங்காமல் ஏவியவரிடம் அந்த ஒப்பந்தமும் இருக்காது. இந்த ஓர் இடத்துக்காகவே என் ஓட்டு சட்டத்துக்கு.

இரண்டிலும் சறுக்குமிடம் ஒன்றுதான்: செயற்கைக்கோள் தரையோடு பேசும் அலைவரிசை. விண்வெளி உரிமம் அதைத் தராது. இங்கே மலேசியாவில் தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையத்தைத் தனியே அணுக வேண்டும். ராக்கெட்டில் இடம் பிடித்த பிறகு ஆரம்பித்தால் தாமதம்தான்.