450 மி.லி. என்று விற்றார்கள், இருந்தது 370: நைட்ரோ படகு ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கரையிலிருந்து ரேடியோவில் இயக்கும் மாதிரிப் படகுகளுக்கான பந்தயப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒரு ஜெர்மன் கடை, "450 மி.லி., எஃப்எஸ்ஆர்-வி பந்தயத்துக்கு ஏற்றது" என்று அறிவித்து ஒரு டின் தகட்டு எரிபொருள் தொட்டியை விற்கிறது. அதை நம்பி வாங்கியதில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் என் 3.5 சிசி எஞ்சின் பாழாகிவிட்டது. வழக்கு இன்னும் முடியாததால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை முழுவதும் சொல்கிறேன். தொட்டி வாங்கப்போகும் யாருக்கும் இது உதவும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். எஃப்எஸ்ஆர்-வி என்பது மாதிரிக் கப்பல்களுக்கான சர்வதேசச் சங்கமான நாவிகாவின் விதிகளின்படி ஐரோப்பாவில் நடக்கும் நீண்ட நேரப் பந்தயம். 'எம்' எழுத்து வடிவில் மிதவைகள் போட்டிருப்பார்கள். பல படகுகள் ஒரே நேரத்தில் பாயும். இறுதிப் போட்டி 30 நிமிடம். அந்த நேரத்துக்குள் அதிகச் சுற்று முடிப்பவருக்கே வெற்றி. நடுவே கரைக்கு வந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் இழப்பு. ஒரு முறை நிரப்பினால் போதுமா, இரண்டு முறை வர வேண்டுமா என்பதை முடிவு செய்வது தொட்டியின் கொள்ளளவுதான். அதனால் அந்த எண் பொய்யாக இருந்தால் பந்தயத் திட்டம் முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

என் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 28 மி.லி. குடிக்கும். நானே அளந்து வைத்திருந்த கணக்கு அது. 450 மி.லி. தொட்டியில் 30 மி.லி. இருப்பாக ஒதுக்கினாலும் 420 மி.லி. கிடைக்கும், அது 15 நிமிடம் ஓடும். 30 நிமிடப் பந்தயத்தில் நடுவில் ஒரே ஒரு முறை கரைக்கு வந்தால் போதும். இதை அப்படியே கடைக்கு மின்னஞ்சலில் எழுதினேன். எஞ்சின் அளவு, எரிபொருள் கலவை, பந்தய வகை எல்லாம் குறிப்பிட்டு, "15 நிமிடம் தாங்குமா?" என்று கேட்டேன். "தாராளமாகத் தாங்கும், எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பயிற்சி ஓட்டத்தில் பதினோராவது நிமிடத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. இந்த எஞ்சின்களோடு பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைப் பிசையும். கலவையில் எரிபொருள் குறைந்து காற்று கூடும்போது எஞ்சின் திடீரென்று கூர்மையாக அலறும், சுழற்சி எகிறும், பிறகு ஒரேயடியாக அடங்கிவிடும். படகு எதிர்க்கரைப் பக்கம் இருந்ததால் என்னால் உடனே அடக்க முடியவில்லை. இரட்டை வீச்சு எஞ்சினில் மசகு எண்ணெயும் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். மீட்புப் படகில் கொண்டுவந்து திறந்தபோது, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கின் கம்பிச் சுருள் காணாமல் போயிருந்தது. பிஸ்டன் தலை முழுவதும் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள். இணைப்புத் தண்டின் கீழ் முனை வெப்பத்தில் நிறம் மாறியிருந்தது.

அன்று மாலையே தொட்டியைக் கழற்றி அளந்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சமையலறைத் தராசில் காலித் தொட்டியை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, வழியும் வரை தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மி.லி. தராசு காட்டியது 370. (எரிபொருளை வைத்து அளக்காதீர்கள், மெத்தனால் கலவை தண்ணீரைவிட இலேசானது, கணக்கு பிசகும்.) அடுத்ததாக, தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளை எடுக்கும் உறிஞ்சு குழாய் வழியே தண்ணீரை இழுத்துப் பார்த்தேன். 60 மி.லி. அடியில் தேங்கி நிற்கும்போதே குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது. ஆக, எஞ்சினுக்கு உண்மையில் கிடைப்பது 310 மி.லி. அதை 28ஆல் வகுத்தால் 11 நிமிடம். படகு நின்ற நேரம் கச்சிதமாக ஒத்துப்போனது. ஒரு லிட்டர் பாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு 820 மி.லி. ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான்.

அந்த 60 மி.லி. ஏன் தேங்கியது என்று தேடியபோது இரண்டாவது ஏமாற்று வெளிப்பட்டது. உறிஞ்சு குழாய் தொட்டியின் பின்பக்க இடது மூலையில் அசையாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க நீள்வட்டப் பந்தயங்களுக்கு அது சரியான இடம். அங்கே படகுகள் எப்போதும் வலப்பக்கமாகவே திரும்பும், எரிபொருள் இடப்பக்கம் தள்ளப்படும், அங்கே குழாய் காத்திருக்கும். 'எம்' வடிவப் பாதையில் இரு பக்கமும் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது எரிபொருள் வலப்பக்கம் ஓடிவிட, குழாய் காற்றைக் குடிக்கும். தொட்டியில் எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் பட்டினி கிடக்கும். எரிபொருள் அலைவதைத் தடுக்கும் தகடும் உள்ளே இல்லை, குழாய் முனையை எரிபொருள் ஓடும் பக்கமே இழுத்துச் செல்லும் எடைக்குண்டும் இல்லை. நீள்வட்டப் பந்தயத் தொட்டியின் மேல் எஃப்எஸ்ஆர்-வி என்று ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

கடைக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில், "450 என்பது துணைத் தொட்டியையும் சேர்த்த அளவு." துணைத் தொட்டி என்பது கார்புரெட்டருக்கு அருகில் வைக்கும் சிறு கிண்ணம், குமிழி இல்லாத எரிபொருளை எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அவர்களுடைய துணைத் தொட்டி 80 மி.லி. அது இந்தப் பெட்டியில் வரவில்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்! விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் இரண்டாவது பதில் வந்தது: "இது உங்களுக்காகவே தனியாகச் செய்த தொட்டி, திரும்பப் பெற முடியாது." எனக்காக ஒரு மில்லிமீட்டரும் மாற்றாத, எல்லோருக்கும் அனுப்பும் அதே தொட்டி அது. எங்கள் சங்கத்தில் இன்னொருவரிடமும் அச்சு மாறாமல் அதுவே இருக்கிறது. அளந்து பார்த்தோம், அதுவும் 370தான். மூன்றாவது பதில், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை நான் சரியாக வைக்கவில்லை என்பது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

அந்த இரண்டாவது பதிலைக் குறித்து ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவித்துத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. தனிப்பட்ட அளவுக்குச் செய்து கொடுத்த பொருள் போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்குக்குள் ஒளிந்துகொள்ளத்தான் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருளுக்கும் "தனித் தயாரிப்பு" என்று ரசீது போடுகிறார்கள். வாங்கும்போதே ரசீதில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 14 நாள் கடந்துவிட்டாலும் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு கடைக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. 2022 ஜனவரி முதல், வாங்கிய 12 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் கடமை. நுகர்வோர் ஆலோசனை மையமான ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலெயில் எனக்கு இதைத் தெளிவாக விளக்கினார்கள். அவர்கள் சொன்னபடி கெடு வைத்துப் பதிவுத் தபாலில் எழுதிய பிறகே தொட்டியின் விலை திரும்பி வந்தது. எஞ்சின் பழுதுக்கான செலவைத் தர மறுக்கிறார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது.

அதே கடையின் பக்கத்தில் "எந்த எஞ்சினுக்கு எந்தத் தொட்டி" என்று ஓர் அட்டவணையும் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். அது அமெரிக்கப் பழக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டது. அங்கே ஒரு சுற்றுப் போட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும், 3.5 சிசி எஞ்சினுக்கு 6 முதல் 8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 180 முதல் 240 மி.லி. போதுமானது. எரிபொருளும் வேறு. 50, 60 சதவீதம் நைட்ரோமீத்தேன் ஊற்றி ஓட்டுபவர்கள் அங்கே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் தனிநபர்கள் எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. இது தொட்டியின் அளவை நேரடியாகப் பாதிக்கிறது. ஒரு கிராம் மெத்தனால் எரிய ஆறரை கிராம் அளவுக்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் காற்றே போதும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று மாறாது, அதனால் நைட்ரோ கூடக் கூட எரிபொருள் வேகமாகத் தீரும். கலவையைச் சொல்லாமல் "இந்த எஞ்சினுக்கு இத்தனை மி.லி." என்று எழுதப்பட்ட எந்த அட்டவணையும் பாதி உண்மைதான்.

சிலர், "அப்படியானால் பெரிய தொட்டியாகவே வைத்துவிடலாமே" என்று கேட்கிறார்கள். இந்தக் கடையும் எனக்கு ஆறுதலாக 700 மி.லி. தொட்டியைத்தான் விற்கப் பார்த்தது. அதையும் மறுத்தேன். 450 மி.லி. எரிபொருளே 400 கிராமை நெருங்கும். மூன்று கிலோப் படகில் அது சிறிய எடை அல்ல. தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரியும், காலியாகும்போது வேறு மாதிரியும் படகு நீரில் உட்காரும். தொட்டியைப் படகின் எடை மையத்துக்கு அருகில் வைக்கச் சொல்வது இதனால்தான். புகைக்குழாயிலிருந்து வரும் அழுத்தமே எரிபொருளைத் தள்ளுகிறது. தொட்டிக்குள் காலியிடம் பெருகப் பெருக, வேகத்தைக் கூட்டும்போது அந்த அழுத்தம் ஏறுவதும் தாமதமாகும். தொட்டி உயரமாக இருந்தால் எரிபொருள் மட்டமும் ஊசி வால்வைவிட மிக மேலிருந்து மிகக் கீழே வரை இறங்கும். கலவையும் அதோடு மாறும். உயரம் குறைந்து அகலமான தொட்டியாகத் தேர்ந்தெடுத்து, மட்டத்தின் நடுப்பகுதி ஊசி வால்வின் உயரத்துக்கு வருமாறு பொருத்துங்கள்.

உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அளந்த எரிபொருளை ஊற்றி, பந்தயத்தில் ஓட்டும் அதே புரொப்பெல்லர், அதே புகைக்குழாயோடு ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, மீதத்தை அளவு உருளையில் வடித்துப் பாருங்கள். ஊற்றியதிலிருந்து மீதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, கிடைத்ததை ஓட வேண்டிய நிமிடங்களால் பெருக்கி, சிறிது இருப்பும் சேர்த்தால் உங்கள் தொட்டி எது என்று தெரிந்துவிடும். அந்த அளவை வைத்துக்கொண்டு கடையிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: உறிஞ்சு குழாய் வழியே வெளியே எடுக்கக்கூடிய அளவு எவ்வளவு, துணைத் தொட்டி அந்தக் கணக்கில் சேர்ந்ததா, உறிஞ்சு குழாய் இரு பக்கத் திருப்பத்துக்கும் ஏற்றதா. தொலைபேசியில் பதில் சொல்ல வந்தால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தத் தொட்டி அதே 450 என்ற அறிவிப்போடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. உறிஞ்சு குழாய் பின்பக்க இடது மூலையில், மேலே மூன்று பித்தளைக் குழாய்கள், உள்ளே தடுப்புத் தகடு இல்லை. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், படகில் பொருத்துவதற்கு முன்பு தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள். தராசின் எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.