கிச்சனில் பிளக் பாயின்ட் போட ஆப்பில் ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று ராத்திரி இண்டக்ஷன் அடுப்பில் பால் வைத்துவிட்டு, கெட்டிலிலும் வெந்நீர் போட்டேன். பிளாஸ்டிக் கருகும் வாடை. திரும்பிப் பார்த்தால், போட்டுப் பதினோரு நாள்தான் ஆன பிளக் பாயின்ட் ஓரமெல்லாம் பழுப்பேறி இளகியிருக்கிறது. இதற்குத்தான் 11,500 ரூபாய் கொடுத்தேன்.

கிச்சனைப் புதுப்பித்த கையோடு நாலு பாயின்ட் கூடுதலாகத் தேவைப்பட்டது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். வந்த பையன் அவ்வளவு பணிவு. பையிலிருந்து புது வயர் சுருளை எடுத்து, "4 ஸ்கொயர் எம்எம் அக்கா, நீங்களே படிச்சுப் பாருங்க" என்று கையில் கொடுத்தான். படித்தேன். அந்த உறையைப் பார்த்துத்தான் நம்பினேன். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன முக்கால் மணி நேரத்தில் வயர் இழுத்து, பெட்டியை மூடி, ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டான்.

இன்று காலை தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது 1 ஸ்கொயர் எம்எம். லைட்டுக்குப் போடும் மெல்லிய வயர்! நாலு பாயின்ட்டும் ஃபிரிட்ஜ் பாயின்ட்டிலிருந்து லூப், அதாவது தனி லைன் இழுக்காமல் அதிலிருந்தே தொடுத்திருக்கிறான். பச்சை வயரை எங்கும் சேர்க்காமல் மடித்துச் செருகியிருக்கிறான், எர்த்தே இல்லை. இண்டக்ஷன் 2000 வாட், கெட்டில் 1500 வாட், ரெண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர். லோடு மீறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் 20 ஆம்பியர் என்பதால் அது ட்ரிப் ஆகவில்லை, வயர்தான் வெந்திருக்கிறது. அந்த அடுப்புப் பக்கத்தில்தான் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ராத்திரியே ஆப்பில் புகார் கொடுத்தேன். முதலில் "அழைக்கிறோம்" என்றார்கள். அப்புறம் "வயர் நீங்கள் வாங்கியதா?" அப்புறம் "அதிக லோடு கொடுத்திருக்கிறீர்கள், வாரண்டியில் வராது." இண்டக்ஷனுக்கு என்று சொல்லித்தானே போடச் சொன்னேன்! மத்தியானம் பார்த்தால் "தீர்க்கப்பட்டது" என்று புகாரையே மூடிவிட்டார்கள். அந்தப் பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். 11,500 ரூபாய், ஒரு பைசா திரும்ப வரவில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். வயர்மேன் லைசன்ஸ் காட்டச் சொல்லுங்கள். வயர் இழுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உறையைப் படிக்காதீர்கள், வயர் மேலேயே அச்சடித்திருக்கும் அளவைப் படியுங்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு டிபியிலிருந்து (எம்சிபி எல்லாம் இருக்கும் பெட்டி) தனி லைன் கேளுங்கள். பெட்டியை மூடும் முன் எர்த் சேர்த்திருப்பதை போட்டோ எடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

கிச்சன் லைனை ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். தனி லைன் இழுக்கப் புது டைல்ஸை உடைக்க வேண்டும் என்கிறார் அண்ணன்.