வேலப்பாடி வீடு: வாடகைக்கா, பில்டருக்கா, குடியிருக்க வருபவருக்கா?

எங்கள் வீட்டு மூலப்பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா, வேலூர் தாலுகா' என்று இருக்கிறது. அந்த ஜில்லா 1989இல் இரண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றானது. வேலப்பாடியில் தாத்தா கட்டிய வீடு மட்டும் பிரியாமல் நிற்கிறது. முழங்கால் வலியால் அம்மா காட்பாடிக்கு என்னோடு வந்துவிட்டார். அண்ணன், நான், தங்கை மூவரும் ஒன்றரை வருடமாக இந்த மூன்று வழிகளையே மாற்றி மாற்றிப் பேசினோம். எது மனத்துக்குத் தாங்கும் என்பதுதான் கடைசிவரை எங்களைப் பிடித்து நிறுத்திய கேள்வி.

மூன்றில் இதமாகத் தெரிந்தது வாடகை. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்க இடம் தேடுகிறார்கள். அந்தப் பக்கத்துக் கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். முன்கட்டை மட்டும் எட்டு மாதம் விட்டுப் பார்த்தோம். ஒரு மழைக்குச் சுவர் கொஞ்சம் உதிர்ந்தது. கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அடுத்த மழையில் சுவர் பொருமி, பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அம்மா கீழே விழுந்த ஒரு பொருக்கைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆயா விளக்கு வைத்த மாடத்தில் மருந்துச் சீட்டுகள் கிடந்தன. குடியிருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளியை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு எங்கள் மாடம் என்ன தெரியும்? ஆனால் விற்காவிட்டால் வலிக்காது என்று நினைத்திருந்தோம். மாதாமாதம் வாடகை வாங்கப் போகும்போதெல்லாம் வலித்தது.

பில்டருக்குக் கொடுப்பதில் பணம் அதிகம். மனையைக் கொடுத்தால் அடுக்குமாடி கட்டி இரண்டு வீடுகள் தருவதாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு இதில்தான் விருப்பம்: "தெரு நம்மை விட்டுப் போகாது." தெருதான் முக்கியம் என்பவர்களுக்கு இது நல்ல வழி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்குப் பதில் கையெழுத்திடும் அதிகாரத்தை, அதாவது பவரை, பில்டருக்கு எழுதிக் கொடுத்தபிறகு வேலை பாதியில் நின்றால் பழைய வீடும் இல்லை, புதியதும் இல்லை. அதோடு, தேக்கு உத்திரங்களைப் பழைய மரக் கடைக்காரர்கள் லாரியில் ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் மூவருக்கும் தூளி கட்டிய உத்திரம் அதில் ஒன்று. என்னால் முடியாது.

மூவரில் ஒருவரே மற்றவர்களிடம், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்தான். குடும்பத்துக்குள் என்பதால் செலவும் குறைவு. ஆனால் மற்ற இருவருக்கும் பங்குப் பணம் கொடுக்கும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை.

மிச்சம், குடியிருக்க வருபவர்களுக்கு விற்பது. இதில் முதல் அடி தரகரிடமிருந்து வரும்: "கட்டடத்துக்கு விலை கிடையாது, மனைக்குத்தான்." பார்க்க வந்தவர்களில் பலர் வாசலில் நின்றே அகலத்தை அளந்தார்கள். ஒரு குடும்பம் மட்டும் மே மாத மத்தியானத்தில் வந்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் தரையில் நின்று, "மின்விசிறி ஓடுகிறதா?" என்று மேலே பார்த்தார். ஓடவில்லை. செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சு அது. வெளியே 40 டிகிரியைத் தாண்டினாலும் உள்ளே அந்தக் காய்ச்சல் தெரியாது. அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார்.

பில்டர் வழியில் வந்திருக்கக்கூடியதைவிட அந்தக் குடும்பம் தரும் தொகை குறைவு. அவர்கள் நாளைக்கே இடிக்கமாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முழு உரிமையையும் கொடுத்தபிறகு 'இடிக்கக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாது. விற்ற லாபத்துக்கான வரி ஒரு பெரிய தடையாக இல்லை. 2001 ஏப்ரலுக்கு முன்பே கைக்கு வந்த பழைய வீடுகளுக்கு, 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பையே, அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாகக் காட்டலாம். இவ்வளவும் தெரிந்தேதான் நான் இந்த வழியைச் சொன்னேன். அங்கே வேறொருவரின் அடுப்பு எரிகிறது என்றால் அந்தப் பிரிவை என்னால் தாங்க முடியும். பூட்டியே கிடக்கும் வீட்டையும் காணாமல் போன வீட்டையும் தாங்க முடியாது. அண்ணன் இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார்.

முன்பணம் வாங்கியாயிற்று. பத்திர எழுத்தர், பழைய செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், இருப்பவர்கள் யாரும் உயிரோடு இல்லை, நான்கு பக்கமும் இப்போது இருப்பவர்களின் பெயரை இனிஷியலோடு கேட்டு வாருங்கள் என்றார். போனிலேயே கேட்டிருக்கலாம். அம்மா வேண்டாம் என்றார். வலிக்கிற முழங்காலோடு வேலப்பாடிக்குப் போய், ஒவ்வொரு வீடாக ஏறி, உட்கார்ந்து, பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான்கு பெயருக்கு ஒரு நாள் முழுவதும் ஆனது.