ராவின காலும் பாலிஷ் போட்ட முகமும்: என் ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல்

ஹார்டி பெர்ஃபெக்ட் என்பது இங்கிலாந்தில் செய்த பழைய ஃபிளை ரீல், அதாவது இறகு கட்டிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டிலில் நூல் சுற்றும் சாமான். நல்ல ரீலா என்று கேட்டால், நல்ல ரீல்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கோபமெல்லாம் அதன் காலை, அதாவது ராடில் (தூண்டில் கழியில்) பொருத்தும் தகட்டை, அரம் போட்டு ராவிய ஆள் மேலும், அதற்குப் பாலிஷ் போட்டு விற்ற ஆள் மேலும்தான். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. போன வாரம் உள்ளே ஸ்பிரிங் உடைந்து, அலைந்து திரிந்து சரிசெய்து வாங்கி வந்தேன். அந்தச் சூடு அடங்குவதற்குள் கடலூர் நண்பர் ஒருவர் வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். "சார், முதுநகர்ல பழைய சாமான் போடுற இடத்துல ஒரு ஃபிளை ரீல் சிக்கிருக்கு. ஹார்டி மாதிரியே இருக்கு. எவ்வளவு தேறும்?" என்றார். தேறுமா என்றுகூட இல்லை, எவ்வளவு தேறும் என்று!

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அடுத்த ஆள் கேட்டால் இதையே அனுப்பலாம்.

என்னிடம் இருப்பது 3⅜ அங்குல பெர்ஃபெக்ட். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சரக்கு. பாண்டிச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில், பீங்கான் கைப்பிடிகளும் பூட்டுகளும் கிடந்த தட்டில் இருந்தது. கடைக்காரர் "ஒரிஜினல் சில்வர் சார், யுத்தகாலத்து பீஸ்" என்றார். கதை அவருக்கும் எங்கேயோ எட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பூச்சுக்கு வேண்டிய பொருள் கிடைக்காமல், ஹார்டி கம்பெனி ரீல்களுக்கு வழக்கமான கருப்புப் பூச்சு கொடுக்காமல் வெள்ளையாகவே விட்டது. சேகரிப்பவர்கள் அவற்றை 'ஸ்பிட்ஃபயர்' ரீல் என்பார்கள், தனி மரியாதை உண்டு. அதனால் கருப்பு தேய்ந்துபோன சாதாரண ரீலை மெஷினில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி, ஸ்பிட்ஃபயர் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கால் உடம்போடு சேரும் இடுக்கைப் பாருங்கள். பாலிஷ் சக்கரம் அங்கே நுழையாது. என் ரீலில் அந்த இடுக்கில் நூல் அகலத்துக்குக் கருஞ்சாம்பல் கோடு இன்னும் இருக்கிறது. முகத்தில், அதாவது முன்தகட்டில், வெட்டிய எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பள்ளங்களில் பாலிஷ் பசை காய்ந்து பச்சையாக அடைத்துக்கொண்டிருந்தது. பல்குச்சியால் குத்தி எடுத்தேன், மெழுகு மாதிரி சுருள் சுருளாக வந்தது. இதையெல்லாம் கடையிலேயே பார்த்து, பார்த்ததைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குத்தான் வாங்கினேன். ஏமாறவில்லை. ஆனால் தொண்ணூறு வருடமாகக் கைபட்டுக் கைபட்டு வந்த நிறத்தை ஒரு மத்தியானத்தில் சுரண்டி எறிந்திருக்கிறார்களே என்ற ஆத்திரம், ரீலை எடுக்கும்போதெல்லாம் வருகிறது.

அடுத்தது கால். ராடில் ரீலைப் பொருத்தும் அந்தப் பித்தளைத் தகட்டைத்தான் சொல்கிறேன். ஒரு ராடின் வளையத்துக்குள் போன கால் இன்னொரு ராடில் போகாது. அதனால் அந்தக் காலத்து ஆட்கள் அரத்தை எடுத்து இரண்டு முனையையும் ராவிவிடுவார்கள். என் ரீலுக்கும் அதே கதி. தொழிற்சாலையில் செய்த முனை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, வழவழப்பாக இருக்கும். இதில் ஒரு முனை கத்தி மாதிரி மெலிந்து, குறுக்கே அரத்தின் கீறல்கள் வரிவரியாகத் தெரிகின்றன. இன்னொரு முனை கொஞ்சம் கோணல். வேலை தெரிந்தவன் ராவியிருந்தாலாவது போகட்டும் என்று விட்டிருப்பேன்.

விலை பேசும்போது இந்த இரண்டு குறையும்தான் முதலில் வரும். பூச்சு போயிருந்தால் ஒரு வெட்டு, கால் ராவியிருந்தால் இன்னொரு வெட்டு. அப்புறம் ரீல் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், என் ரீல் எந்த ராடிலும் உட்கார்ந்துவிடுகிறது. இன்றைக்குக் கிடைக்கும் சாதாரண கிராஃபைட் ராடில்கூடச் சொடக்குப் போடும் நேரத்தில் பொருந்துகிறது. சென்னையில் ஒரு நண்பரிடம் கை வைக்காத பெர்ஃபெக்ட் ஒன்று இருக்கிறது. கால் கனமாக, முழுசாக இருக்கிறது. அவருடைய மூன்று ராடில் ஒன்றிலும் அது நுழையவில்லை. அலமாரியில் பெட்டியோடு வைத்திருக்கிறார். நான் என்னுடையதைப் பாண்டிச்சேரி சுண்ணாம்பாற்றில் வீசிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ரீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்ஃபெக்ட் 1891இல் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் வடகோடியில் ஆனிக் என்ற ஊரில் ஹார்டி சகோதரர்கள் செய்தது. உள்ளே பால் பேரிங் வைத்த ஃபிளை ரீல் என்பதுதான் அதன் பெருமை. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தயக்கமில்லாமல் சுற்றுகிறது. என் ரீலில் அந்தப் பேரிங்கை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான் அது கேட்பது.

அப்புறம் அந்தச் சத்தம். பல்சக்கரத்தில் நாக்கு தட்டும் சத்தம். மீன் இழுக்கும்போது ஒரு மாதிரி, நாம் சுற்றும்போது ஒரு மாதிரி. கொடுவா ஒன்று கவ்விக்கொண்டு அலையாத்திப் பக்கம் ஓடியபோது அது போட்ட 'கர்ர்ர்' சத்தத்தில் கரையில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி, "இன்னாண்ணே, கடியாரத்துக்கு சாவி குடுக்கிறியா?" என்றார். அந்தக் கொடுவா தங்கூசியை (நைலான் நூலை) அறுத்துக்கொண்டு போனது வேறு விஷயம். ரீலின் பலவீனமும் அங்கேதான். இதில் பிரேக் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த நாக்கும் ஸ்பிரிங்கும், அதைக் கொஞ்சம் இறுக்க ஒரு திருகும்தான். இந்தக் கால ஃபிளை ரீல்களில் சுழலும் விளிம்பு வெளியே இருக்கும், உள்ளங்கையை வைத்து அழுத்தி மீனை நிறுத்தலாம். பெர்ஃபெக்ட்டில் விளிம்பு கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஓடையிலும் ஆற்றிலும் டிரவுட்டும் சால்மனும் பிடிக்கச் செய்ததை முகத்துவாரத்துக் கொடுவாவோடு மல்லுக்கட்ட விடுவது அதன் குற்றமில்லை. மடவைக்கும் சின்னப் பாறை மீனுக்கும் தாராளமாகப் போதும்.

உப்பு இன்னொரு தலைவலி. உடம்பு அலுமினியக் கலவை, காலும் சில திருகுகளும் பித்தளை. இரண்டு உலோகம் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், வெள்ளை மாவாகப் பூக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எண்ணெய் போட்டாக வேண்டும். நான் தவறாமல் செய்கிறேன். ஆனாலும் உள்ளே இருந்த எஃகு ஸ்பிரிங் துரு ஏறி ஒரு நாள் பட்டென்று போய்விட்டது. பழைய பூச்சு இருந்திருந்தால் உடம்புக்காவது கொஞ்சம் காப்பாக இருந்திருக்கும். பாலிஷ் போட்ட புண்ணியவானை அப்போதும் நினைத்துக்கொண்டேன்.

ரீல் சர்வீஸ் பண்ணுகிற ஒருவர் பார்த்துவிட்டு "இதுக்குப் பார்ட்ஸ் வராது, ஷோகேஸ்ல வெச்சிருங்க" என்றார். கடைசியில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர்தான் காப்பாற்றினார். பழைய சுவர்க் கடிகாரத்தின் சாவி வில்லில் ஒரு துண்டை வெட்டினார். சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு, இடுக்கியால் வளைத்து, உடைந்த துண்டோடு வைத்துப் பார்த்தார். மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினார். தேய்த்துச் சுத்தம் செய்து, ஒரு பித்தளைத் தகட்டின் மேல் வைத்துக் கீழே விளக்கைக் காட்டினார். எஃகு வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, நீலம் பூத்த நொடியில் எடுத்துவிட்டார். "இதுக்கு மேல போனா வில்லு செத்துப்போவும் தம்பி" என்றார். மாட்டிச் சுற்றினால் கர்ர்ர். பழையதைவிடச் சத்தம் ஒரு பிடி கூர்மை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இதுவும் விலையில் ஒரு வெட்டு என்பதை மறக்க வேண்டாம். உள்ளே மாற்று ஸ்பிரிங் போட்டிருக்கிறதே!

இப்போது கடலூர் நண்பரின் ரீல். படத்தைப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். முகத்தில் ஹார்டி பெயர் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் செய்தது என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரெட்டிச் என்ற ஊரில் ஜே. டபிள்யூ. யங் போன்றவர்கள் ஏகப்பட்ட ரீல்களைச் செய்து கடைகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான் மேலே இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ஹார்டியில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக ரீல் செய்த வால்டர் டிங்லி போன்றவர்களும் இப்படிக் கடைகளுக்குச் செய்து கொடுத்தவர்கள்தான். அதனால் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நூல் சுற்றும் சுருளைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். செய்த தொழிலாளியின் முதலெழுத்துகள் சில ரீல்களில் உள்ளேதான் குத்தியிருக்கும். என் பெர்ஃபெக்ட்டின் உள்ளே 'டூப்ளிகேட்டட் மார்க் 2' என்று இருக்கிறது. காலத்தைச் சொல்லுவது அதுதான். ஆரம்ப கால பெர்ஃபெக்ட் முழுப் பித்தளை. அப்புறம் முகம் மட்டும் பித்தளை, அதற்கப்புறம் முழுக்க அலுமினியக் கலவை. கைப்பிடி முதலில் தந்த நிறம், பிறகு கருப்பு எபொனைட் (கெட்டி ரப்பர்). தூண்டில் கழியைப் பிடித்த கை போன்ற ஹார்டி முத்திரை இருந்தால் பழைய சரக்கு, அங்கே மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். 1890களின் பித்தளை பெர்ஃபெக்ட் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. என்னுடைய வகை நல்ல நிலையில் இருந்தால் சில நூறு. நண்பரின் படத்தில் இருப்பது நான் நினைப்பதுபோல் யங் செய்த சாதாரண ரீல் என்றால் சில பத்துப் பவுண்டுதான். மீன் பிடிக்க அருமையான ரீல், பணக்காரராக்கும் ரீல் இல்லை.

விலை பார்ப்பவர்கள் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்குகிறார்கள். கேட்பதற்கு என்ன, யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். பெரிய ரீல் என்றால் பெரிய விலை என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலும் சின்ன டிரவுட் அளவுகளுக்குத்தான் கிராக்கி. நூறு வருடம் தாண்டிய பொருள் கையில் இருந்து வெளிநாட்டுக்கு விற்கும் ஆசை வந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொல்பொருள் என்று முடிவானால் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நம்ம ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சொல்தா வீடுகளில் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த பாண்டிச்சேரிக்காரர்கள் வீடுகளில்) பரணில் இருந்து இறங்கும் ரீல்கள் பெரும்பாலும் பிரான்சின் குளூஸ் ஊரில் செய்த மிட்செல். அது ஸ்பின்னிங் ரீல், ஃபிளை ரீலே இல்லை. லட்சக்கணக்கில் விற்றது, அதனால் சாதாரண மாடலுக்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் உழைப்பு பிரமாதம்.

முடிவு கேட்டால் சொல்கிறேன். இவ்வளவு பாராட்டியும், பெர்ஃபெக்ட் வாங்காதீர்கள். முழுசாக இருப்பதை வாங்கினால் ராடில் உட்காராது, தண்ணீரில் இறக்க மனசும் வராது. ராவினதை வாங்கினால் என்னை மாதிரி ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் வைத்த புது ரீல் கிடைக்கும், கொடுவாவும் கைக்கு வரும். என்னுடையதை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விலை சொன்னதும் "கால் ராவியிருக்கே" என்று இழுத்தார்கள். அப்படி இழுக்கிறவர்களுக்கு நான் கொடுப்பதாக இல்லை.

கடலூர் நண்பருக்கு: புளி, சாம்பல், பித்தளைப் பவுடர் எதையும் அந்த ரீலின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அப்புறம் காலைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அரக் கீறல் இருந்தால் அதற்கேற்ற விலை சொல்லுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.