போக்கிமான் கோல்டா, ஹார்ட்கோல்டா?

காட்பாடியில் இருக்கும் அத்தை பையன் இந்த இரண்டு நின்டெண்டோ வீடியோ கேம்களில், அதாவது பழைய கோல்டு, அதையே புதுப்பித்து எடுத்த ஹார்ட்கோல்டு, எதை வாங்குவது என்று ஒரு வாரமாகக் குழம்புகிறான்.

சேமிப்பு: 1999இல் வந்த கோல்டு கார்ட்ரிட்ஜுக்குள் (கருவியில் செருகும் கேம் அட்டை) ஒரு பட்டன் செல் உண்டு. சேமித்த ஆட்டம், உள்கடிகாரம் இரண்டும் அதை நம்பித்தான். செல் தீர்ந்தால் எல்லாம் போச்சு. மாற்ற சால்டரிங் தெரிய வேண்டும். என்னுடையது 16 பேட்ஜும் (ஜிம் தலைவர்களை வென்றால் கிடைக்கும் சின்னங்கள்) வாங்கிய பிறகு, வேலூர் மே மாத வெயிலில் உயிரை விட்டது. 2009இன் ஹார்ட்கோல்டில் அந்தப் பயமில்லை.

திரை: கோல்டு ஓடும் கையடக்கக் கருவியான கேம் பாய் கலரின் திரைக்கு விளக்கே கிடையாது, கோட்டை அகழி ஓரம் பகலில் ஆடலாம், அவ்வளவுதான். ஹார்ட்கோல்டுக்கான நின்டெண்டோ டிஎஸ் இருட்டிலும் ஓடும்.

ஆட்டம்: ஜோட்டோ, கான்டோ என்ற இரு வட்டாரங்களும் இரண்டு கேமிலும் உண்டு. ஹார்ட்கோல்டில் போக்கிமான் நம் பின்னாலேயே நடந்து வரும், எனக்கு அதுவே போதும்.

போலி கார்ட்ரிட்ஜ்: இரண்டிலும் ஜாக்கிரதை.

முதல்முறை ஆடுகிறவனுக்கு ஹார்ட்கோல்டு. பழைய பீப் இசைக்கு ஏங்குகிறவன், சரி, கோல்டோடு ஒரு புது செல்லும் வாங்கட்டும்.